எண்ணெய் இல்லாத கை

பாங்காக்கின் வாட் போ கோயிலில் 46 மீட்டர் நீளச் சயன புத்தரைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடுகிறவர்கள் பாதியைத் தவறவிடுகிறார்கள். அதே வளாகத்தில் மூன்றாம் ராமா மன்னர் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. உடம்பில் எங்கெங்கே அழுத்த வேண்டும் என்பதைப் படம் வரைந்து, யாரும் படிக்கும்படி கல்லில் பதித்து வைத்தார்கள். மருத்துவ அறிவை இப்படிப் பொதுவில் வைத்தது பெரிய மனசு!

தாய்லாந்து மசாஜ் எனப்படும் அந்தக் கலை இன்றும் அங்கே பயிற்றுவிக்கப்படுகிறது. புத்தரின் மருத்துவர் ஜீவகரே இதற்கு ஆதிகுரு என்பது அவர்கள் மரபு.

எண்ணெய் கிடையாது. தளர்வான பருத்தி உடையில் மெத்தையில் படுத்தால் போதும். கட்டைவிரல், உள்ளங்கை, முழங்கை, முழங்கால் என்று மாறி மாறி அழுத்தம் பாதத்திலிருந்து மெல்ல மேலேறும். பிறகு கைகால்களை இழுத்து வளைப்பார்கள். கிட்டத்தட்ட நமக்காக இன்னொருவர் செய்யும் யோகாசனம். அவசரப்படாத அந்தத் தாளம்தான் இதன் அழகு.

வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போகாதீர்கள். கர்ப்பம், ரத்தக்கட்டு, எலும்பு முறிவு இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வலித்தால் பல்லைக் கடிக்க வேண்டாம். 'பவ் பவ்' என்றால் தாய்லாந்து மொழியில் 'மெதுவாக' என்று பொருள். சொன்னவுடன் கை இளகும்.

2019இல் யுனெஸ்கோ இந்த மசாஜ் கலையை மானுடத்தின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.