தான்றிக்காயும் சூதின் கணக்கும்

சிங்கப்பூரிலே ஆண்டுதோறும் தீமிதியன்று, சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலினின்று சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில்வரை ஏறத்தாழ 4 கிலோமீட்டர் அன்பர்கள் நடந்து செல்கின்றனர். தீமிதி தக்கதா, தகாததா என்னும் வழக்கை இங்கு நாம் எடுக்கவில்லை. திரௌபதியைப் பணயம் வைத்திழந்த அவ்வாட்டம் எவ்வாறு ஆடப்பட்டது என்பதே நம் கேள்வி. பாரதப் பிரசங்கிகள் சகுனியின் வஞ்சகம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகின்றனர். அவர்களை மட்டும் நொந்து பயனில்லை. வியாசரின் சபா பருவத்திலும் சகுனி வென்றேன், வென்றேன் என்று சொல்லிக்கொண்டு போகிறானேயன்றிக் காய் விழுந்த கணக்கு நமக்குக் கிட்டுவதில்லை.

அக்கணக்கு வனத்திலே வருகிறது. அதுவும் கதையாக வருகிறது. தோற்ற தருமனுக்குப் பிருகதசுவ முனிவர் நளன் வரலாற்றை உரைக்கிறார். தேரிற் செல்லும் அயோத்தி மன்னன் ஒரு தான்றிமரத்தை நோக்கி, அதன் இரு கிளைகளிலும் 2,095 பழங்கள் உள என்கிறான். தேரோட்டியாயிருந்த நளன் இறங்கி எண்ணுகிறான், தொகை பிசகவில்லை. குதிரை நூலைக் கொடுத்துச் சூது நூலைப் பெறுகிறான். அக்கணமே கலி அவன் உடலைவிட்டு நீங்கி அம்மரத்திற் புகுகிறான்.

வேறு மரம் ஆகாதோ எனின், ஆகாது. பழங்காலத்தில் தான்றிக்காயே சூதாடு காய். கை நிறைய அள்ளிய காய்களை நந்நான்காகக் கழித்து, மிச்சமின்றேல் கிருதம் என்றும், ஒன்று மிஞ்சினால் கலி என்றும் கொண்டனர் என்பது ஆராய்ச்சியாளர் பலர் கொள்கை. ஆகவே நளனைப் பிடித்த கலி, தோற்கும் எண்ணின் பெயரேயாம். கண்ட மாத்திரத்தில் எண்ண அறிந்தவனைத் தோல்வி விட்டகல்கிறது. விதியை விளக்காமலே ஆட்டத்தை விளக்கிய இவ்விடத்தை நாம் பெரிதும் மெச்சுகிறோம். மலாயாத் தோட்டங்களில் செக்ரோல் கணக்கு வாசிக்க அறியாத தொழிலாளி, கூலி குறைந்தபோது தலைவிதி என்று திரும்பியதும் நம் நினைவுக்கு வருகிறது.

புகழேந்தியாரின் நளவெண்பாவோ காய்த்தொகையைப் பதினாயிரங் கோடியாக்கிவிட்டது. ஓசை இனிதுதான், ஆயினும் எண்ண முடியாத தொகையைச் சொன்னபின் எண்ணும் வித்தைக்கு அங்கு வேலை ஏது?

1974இல் அமெரிக்காவில் கைகாக்ஸ், ஆர்னெசன் என்பார் வெளியிட்ட டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும் ஆட்டத்திலும் இச்சிக்கலே உளது. இருபது முகப் பகடை காட்டும் எண்ணைக் கதை சொல்வோன் வாள்வீச்சாக மொழிபெயர்க்கிறான். கேடயத்தில் வாள் உரசிற்று என்றால், சற்றே தவறியது என்று ஆடுவோன் ஊகித்து அடுத்த அடியைத் தேர்கிறான். வருணனை வரம்பு கடந்தாலோ எண் மறைந்துபோகிறது.

பிருகதசுவர் கதையோடு நிற்கவில்லை. வித்தையையும் தருமனுக்குக் கொடுத்தார். அத் தருமனே பின்னர் விராடன் அவையில் சூதாடு துணைவனாக அமர்ந்தான்.