அதே குழி, புதுச் செடி

போன மாதம் ஒரு கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட முகாம் நிறைவு விழாவுக்குப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். ஊர் எல்லையிலேயே பிரின்சிபால் கை கூப்பிச் சிரிக்கும் ஃப்ளெக்ஸ். ஏழு நாள் முகாமுக்கு முத்தாய்ப்பாக, பள்ளிக்கூட வாசலில் மரக்கன்று நட வேண்டும். ஒரே ஒரு கன்றை என்னையும் சேர்த்து ஒன்பது பேர் பிடித்துக்கொண்டு நின்றோம். போட்டோ பிரமாதமாக வந்தது.

விழா முடிந்து டீக்கடையில் நின்றபோது ஒரு பெரியவர் பேச்சுக் கொடுத்தார். "புள்ளைங்க தங்கமான புள்ளைங்கதான் சார். ஆனா வருஷா வருஷம் வந்து அதே குழியிலதான் நடுதுங்க. போன வருஷக் கன்னு எங்கேன்னு ஒருத்தரும் கேக்கறதில்ல. எங்களுக்கு வேண்டியது செடியில்ல. சாயந்தரத்துல சின்னப் புள்ளைங்களுக்குக் கணக்கு சொல்லிக் குடுக்க ஒரு ஆளு."

"இதை அவங்ககிட்ட சொன்னீங்களா?"

"எங்களை யாரு சார் கேட்டா?"

திட்டத்தின் மேல் குறை இல்லை. காந்தி நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பர் 24-ம் தேதி, 37 பல்கலைக்கழகங்களில், சுமார் 40 ஆயிரம் மாணவர்களோடு தொடங்கியது. 'நான் அல்ல, நீ' என்பது கொள்கை. சட்டையில் குத்திக்கொள்ளும் பேட்ஜில் கோனார்க் சக்கரம் இருக்கும். அதிலுள்ள எட்டு ஆரங்களும் நாளின் 24 மணி நேரத்தைக் குறிக்கின்றன. எந்நேரமும் தயார் என்று அர்த்தம்.

நடைமுறையில்? இரண்டு வருடத்தில் 240 மணி நேரம் வேலை செய்ய வேண்டும் என்பது விதி. அந்த 240-ஐ நோட்டில் எப்படி நிரப்புவது என்பதுதான் பல கல்லூரிகளின் கவலை. பேரணிக்குப் போனால் நாலு மணி நேரம். மந்திரி வரும்போது வரிசையில் நின்றால் மூன்று. தன்னார்வம் என்ற வார்த்தையிலேயே 'தன்' இருக்கிறது. சர்க்குலர் போட்டு வரவழைத்தால் அது பிரின்சிபாலின் ஆர்வம்!

"இந்தக் காலத்துப் பசங்களுக்குச் சேவை மனப்பான்மையே இல்ல சார்" என்று பேராசிரியர்கள் அலுத்துக்கொள்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது இடுப்பளவுத் தண்ணீரில் சாப்பாட்டுப் பொட்டலம் சுமந்தவர்களில் பாதிப் பேருக்கு மீசைகூட சரியாக முளைக்கவில்லை. 2017 ஜனவரியில் மெரினாவில் கூடிய மாணவர்கள், போராட்டத்துக்கு நடுவிலேயே குப்பையும் பொறுக்கினார்கள். யார் அட்டெண்டன்ஸ் எடுத்தது? அங்கே தேவை கண்ணுக்குத் தெரிந்தது. என்ன செய்வதென்று அவர்களே முடிவெடுத்தார்கள். கல்லூரிக்குள் இந்த இரண்டும் இல்லை.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வெள்ளத்தில் குதிப்பது ஒரு வாரத்து வேகம். சாதாரண செவ்வாய்க்கிழமையில் சொன்ன நேரத்துக்கு வந்து நிற்பது அதைவிடக் கஷ்டம்.

எனக்குத் தெரிந்த பார்வையற்ற பெண் ஒருத்தி. பி.ஏ. கடைசி செமஸ்டர். அவள் சொல்லச் சொல்ல எழுத ஒருவர் வேண்டும். மணிக்கு 20 நிமிடமாவது கூடுதலாகத் தர வேண்டும் என்கிறது 2018-ல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல். அதாவது மூன்று மணி நேரப் பரீட்சைக்கு நாலு மணி நேரம் உட்கார வேண்டும். ஒருவர் ஒப்புக்கொண்டிருந்தார். முந்தின நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு அவரிடமிருந்து மெசேஜ்: 'ஸாரிக்கா, ஊருக்குக் கிளம்பிட்டேன்.'

பதினோரு மணி வரை போன் போட்டோம். கிடைக்கவில்லை. அந்த ஒரு பேப்பருக்காக ஆறு மாதம் காத்திருந்தாள். பி.எட். ஒரு வருடம் தள்ளிப்போனது.

அவள் கல்லூரியில் நலப்பணித் திட்ட மாணவர்கள் நூறு பேர் இருந்தார்கள். மறுநாள் பரீட்சை இல்லாத ஜூனியர் ஒருவர் போதும். ஆனால் பரீட்சை மாதம் என்று சேவைக்கு லீவு விட்டிருந்தார்கள்! தவிர, பரீட்சை ஹாலில் போட்டோ எடுக்க முடியாது, பாருங்கள்.

சர்ட்டிஃபிகேட்டே வேண்டாம் என்று சொல்லவில்லை. முதல் நாள் வரவழைக்க அது உதவும். இரண்டாம் வருடமும் வர வைக்காது. தன்னை நம்பி ஒருவர் காத்திருக்கிறார் என்ற நினைப்புதான் வர வைக்கும்.

அதனால் கல்லூரிகளுக்குச் சில யோசனைகள். பேனர் அடிக்கும் முன் அந்த ஊர்க்காரர்களிடம் என்ன வேண்டும் என்று கேளுங்கள். பத்து வேலைக்குப் பதில் ஒரே வேலை, ஆனால் வாராவாரம். பட்டியலை மாணவர்களே வைத்துக்கொள்ளட்டும். ஒருவர் வர முடியாவிட்டால் அடுத்தவர் யார் என்பதும் அதில் இருக்கட்டும். படிப்பு முடிந்து போகிற சீனியர், ஒரு ஜூனியரை அழைத்துப்போய், "இனிமே இவன் வருவான்" என்று அறிமுகப்படுத்திவிட்டுப் போகட்டும். அவ்வளவுதான் கலாசாரம். பெரிய வார்த்தையாகத் தெரிகிறதே தவிர, விஷயம் சின்னது.

அடுத்த வருட நிறைவு விழாவுக்கும் வரச் சொல்லியிருக்கிறார்கள். போவேன். கன்றைக் கையில் கொடுத்ததும் ஒன்றே ஒன்றுதான் கேட்பேன்.

"போன வருஷக் கன்னு எங்கே?"