கருஞ்சீரகம் சீரகமே இல்லை: கேம்பிள் நூலின் முதல் குடும்பம்

ஜே. எஸ். கேம்பிளின் 'மதராஸ் மாகாணத் தாவரங்கள்' (1915–1936) நூலைத் திறந்தால் முதல் குடும்பமே ரனன்குலேசி, அதாவது பட்டர்கப் குடும்பம். பென்தம்–ஹூக்கர் வகைப்பாட்டு வரிசை அப்படி. ஆனா நம்ம ஊர்க்காரர் முதல் பக்கத்திலேயே முழிப்பார். பட்டர்கப், அனிமோன் எல்லாம் நீலகிரி, பழனி மலைக் குளிரில் வளர்பவை. இரும்புலியூர்ல எங்கே போய்த் தேடுவது?

தாம்பரம் பக்கம் ஏதாவது நாட்டு மருந்துக் கடைக்குப் போங்க. கருஞ்சீரகம், அதிவிடயம், வச்சநாபி மூணும் இந்தக் குடும்பம்தான். கருஞ்சீரகத்துக்குப் பேர்தான் சீரகம். நாம தாளிக்கிற சீரகம் கொத்தமல்லிக் குடும்பம். அது விதைகூட இல்லை, ரெண்டாப் பிளந்த காயின் பாதி. கருஞ்சீரகம் நிஜ விதை.

பூவையும் காயையும் வைத்துச் செடியைப் பிரித்துக் காட்டுவதில் கேம்பிள் கெட்டிக்காரர். நூறாண்டு கழித்தும் ஆய்வாளர்கள் அவரைப் புரட்டுகிறார்கள். ஆனா அது முழுச் செடியைக் கையில் வைத்திருப்பவருக்கான புத்தகம். காய்ந்த வேரும் விதையும் மட்டுமே பார்த்த நமக்கு அதில் நுழைய வழி இல்லை. தமிழில் அந்த வழியை யாராவது போட்டுத் தரணும்.

இது வெறும் பெயர்ச் சண்டை இல்லைங்க. அதிவிடயத்தைக் குழந்தை மருந்தில் சேர்ப்பதுண்டு. அதே அகோனிட்டம் பேரினத்தைச் சேர்ந்த வச்சநாபியின் கிழங்கில் இருக்கும் அகோனிடைன் இதயத்தையே நிறுத்திவிடும். ஒரே கடை, பக்கத்துப் பக்கத்து டப்பா. சொந்தம் தெரிஞ்சாத்தான் பயமும் தெரியும்.