பதில் வராத சர்வர்

ஒரே ஒரு கணினியில் என்னென்ன ஓடுகிறது என்று பார்க்க ‘டாப்’ போதும். விஎம்எஸ்ஸில் இருந்த ஒரு கட்டளையைப் பார்த்துவிட்டு, யூனிக்ஸிலும் அப்படியொன்று வேண்டும் என்று வில்லியம் லெஃபீவர் 1984-இல் எழுதியது. நாற்பது வருஷம் ஆகியும், சர்வர் இழுக்கிறது என்று புகார் வந்தால் உள்ளே நுழைந்ததும் கை தானாக அடிப்பது அதைத்தான். சிபியூவைத் தின்கிற ப்ராசஸ் மேலே ஏறும், சும்மா இருப்பது கீழே இறங்கும், மூன்று நொடிக்கொரு முறை பட்டியல் மாறிக்கொண்டே இருக்கும். பிரேசில்காரர் ஹிஷாம் முகம்மத் 2004-இல் கொண்டுவந்த ‘எச்டாப்’ அதே விவரத்தை வண்ணப் பட்டைகளாகத் தருகிறது. பார்க்க அழகுதான். ஆனாலும் கைவண்ணம் என்று சொல்லிக் கொண்டாட இதில் அதிகம் இல்லை. கெர்னலுக்கு எல்லாம் தெரியும், கேட்டால் சொல்லிவிடும். செத்த பிறகும் தாய் ப்ராசஸ் வந்து கணக்கு முடிக்காததால் பட்டியலில் தொங்கிக்கொண்டிருக்கும் ஸாம்பிகூட ‘இசட்’ என்ற எழுத்தோடு ஒளிவுமறைவில்லாமல் நிற்கும்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் அந்தத் திரை குழப்பும். லோடு ஆவரேஜ் அறுபதைத் தாண்டி நிற்கும். சிபியூவோ கிட்டத்தட்ட முழுக்கச் சும்மா இருக்கும். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் டாப் கெட்டுப்போய்விட்டது என்பார். பட்டியலில் ‘டி’ என்ற நிலையில் நிற்கும் ப்ராசஸ்களை எண்ணினால் விஷயம் பிடிபடும். சிபியூவுக்காக வரிசையில் நிற்பவற்றோடு, டிஸ்க்குக்காகவோ நெட்வொர்க் வழியே வரவேண்டிய கோப்புக்காகவோ அசையாமல் காத்திருப்பவற்றையும் லினக்ஸ் 1993-லிருந்து லோடில் சேர்த்தே எண்ணுகிறது. எங்கோ இருக்கிற என்எஃப்எஸ் சர்வர் ஒன்று வாயை மூடிக்கொண்டுவிட்டது. இங்கே அறுபது ப்ராசஸ் அதன் பதிலுக்காக உறைந்து நிற்கிறது. ஒரு மிஷினின் மௌனம் இன்னொரு மிஷினின் திரையில் எண்ணாக ஏறியிருக்கிறது. இந்தத் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்த காட்சிகளில் இது ஒன்று, பார்க்கிற நேரத்தில் வயிற்றைக் கலக்கினாலும்.

பல மிஷின்களை மேய்க்கும் வேலையில் உண்மையான சரக்கு அந்த மௌனம்தான். கேட்டோம், பதில் வரவில்லை. மிஷின் செத்துவிட்டதா, நடுவில் ஸ்விட்ச் போய்விட்டதா, இல்லை வேலைப் பளுவில் நம்மைக் கவனிக்காமல் இருக்கிறதா? இங்கிருந்து பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலவே தெரியும். ஃபிஷர், லிஞ்ச், பேட்டர்ஸன் மூவரும் 1985-இல் இதைக் கணிதமாகவே நிறுவினார்கள்: செய்தி போய்ச்சேர எவ்வளவு நேரமாகும் என்று வரம்பே இல்லாத நெட்வொர்க்கில், ஒரே ஒரு ப்ராசஸ் நின்றுபோகக்கூடும் என்றாலே போதும், மற்றவை எல்லாம் எப்போதும் ஒருமித்த முடிவுக்கு வந்தே தீரும் என்று உறுதி தரும் வழிமுறை கிடையாது. செத்ததையும் மெதுவாக இருப்பதையும் பிரித்துச் சொல்ல முடியாததுதான் அடிப்படை. ஆகவே கண்காணிக்கிற கருவி எதுவானாலும் ஊகிக்கத்தான் செய்கிறது. அது எத்தனை வரைபடம் போடுகிறது என்பதை நான் பார்ப்பதில்லை. பதில் வராத அந்த நேரத்தில் எப்படி நடந்துகொள்கிறது என்பதை வைத்தே தரம் பிரிக்கிறேன்.

பெர்க்லி யூனிக்ஸில் எண்பதுகளில் வந்த ‘ரப்டைம்’ இந்த வகையில் பழைய கை. யாரும் கேட்காமலே ஒவ்வொரு மிஷினும் சில நிமிடத்துக்கொரு முறை தன் நிலையை நெட்வொர்க் முழுக்க அறிவிக்கும். ராத்திரி ரோந்து வரும் கூர்க்காவின் விசில் மாதிரி: சத்தம் கேட்டால் ஆள் இருக்கிறார். ரப்டைம் என்று அடித்தால் வரிக்கொரு மிஷின். பெயர், ‘அப்’, எத்தனை நாளாக ஓடுகிறது, எத்தனை பேர் உள்ளே இருக்கிறார்கள், மூன்று லோடு எண்கள். பதினோரு நிமிடம் சத்தமே இல்லையென்றால் ‘டவுன்’ என்று போட்டு, எவ்வளவு நேரமாக என்பதையும் பக்கத்தில் எழுதும். அத்தனை சிக்கனமான திரையை அதற்குப் பிறகு நான் அதிகம் பார்க்கவில்லை. அதைவிட ரசிக்க வேண்டியது, அந்த அறிவிப்புகளை அனுப்பும் நிரலின் கையேட்டில் குறைகள் என்ற தலைப்பின் கீழ் இருக்கிறது. அறிவிக்கிற நிரல் செத்தாலோ நெட்வொர்க் அறுந்தாலோ ஜனங்கள் மிஷினே போய்விட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள் என்று, எழுதியவர்களே ஒப்புக்கொண்டு போட்டிருக்கிறார்கள். தன் ஊகத்தின் பலவீனத்தைத் தானே அச்சிட்டுக் கொடுத்த கருவி அது.

ஈத்தன் கால்ஸ்டாட் 1999-இல் வேறு பெயரில் வெளியிட்ட, பிறகு நாகியோஸ் ஆன கண்காணிப்புக் கருவியை இன்றைய பையன்கள் கிண்டல் செய்கிறார்கள். பார்க்க அசிங்கமாக இருக்கும், உண்மை. ஆனால் முதல் தடவை பதில் வராதபோது அது யாரையும் எழுப்பாது. ‘சாஃப்ட்’ என்று குறித்துக்கொண்டு மறுபடி கேட்கும். சொல்லிவைத்த எண்ணிக்கை முடிந்த பிறகே ‘ஹார்ட்’ என்று முடிவுகட்டி அலர்ட் அனுப்பும். எந்த மிஷின் எந்த ரவுட்டருக்குப் பின்னால் இருக்கிறது என்று சொல்லிக்கொடுத்திருந்தால், ரவுட்டர் விழும்போது அதை மட்டும் ‘டவுன்’ என்று சொல்லும். பின்னால் இருப்பவை எட்டாத தூரத்தில் இருக்கின்றன, அவ்வளவுதான். விடிகாலை மூன்று மணிக்கு ஆன்-காலில் இருப்பவருக்கு நாற்பது அழைப்புக்குப் பதிலாக ஒன்று வரும். தூக்கத்தின் அருமை தெரிந்தவர் எழுதியது.

ஆனால் மனசைக் கொடுத்தது எர்லாங்குக்குத்தான். ஜோ ஆர்ம்ஸ்ட்ராங், ராபர்ட் விர்டிங், மைக் வில்லியம்ஸ் மூவரும் எண்பதுகளில் எரிக்சனில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளுக்காக உருவாக்கிய மொழி. அதில் ப்ராசஸ் என்றால் இயங்குதளத்தின் ப்ராசஸ் இல்லை. ஒரே மிஷினில் லட்சக்கணக்கில் வளர்க்கக்கூடிய மெல்லிய ஜீவன். ஒரு ப்ராசஸ் இன்னொன்றைக் கண்காணிக்கலாம். அந்த இன்னொன்று பக்கத்தில் இருக்கிறதா, வேறு ஊர் மிஷினில் இருக்கிறதா என்பதில் எழுதும் முறையில் வித்தியாசமே கிடையாது. கண்காணிக்கப்படுவது நின்றதும் ஒரு செய்தி வரும், கூடவே காரணம். வேலை முடித்துப் போனால் ‘நார்மல்’. பலவந்தமாகக் கொல்லப்பட்டால் ‘கில்ட்’. கண்காணிக்கத் தொடங்கும்போதே அப்படியொன்று இல்லையென்றால் ‘நோப்ராக்’. மிஷின்களுக்கு நடுவில் தொடர்பு அறுந்தால்?

மிஷின்கள் தங்களுக்குள் பேச எதுவும் இல்லாதபோதும் பதினைந்து நொடிக்கொரு முறை ஒரு சின்னத் துடிப்பை அனுப்பிக்கொள்கின்றன. மாற்றாமல் விட்டால், 45 முதல் 75 நொடிக்குள் எதுவும் வரவில்லையென்றால் தொடர்பு போனதாக எர்லாங் எடுத்துக்கொள்ளும். அப்போது வரும் காரணம் ‘நோகனெக்‌ஷன்’. ப்ராசஸ் செத்தது என்று அது சொல்வதில்லை. தனக்குத் தெரிந்தது தொடர்பு போனது மட்டும்தான், அதை மட்டும் சொல்லிவிட்டு முடிவை நம்மிடம் விட்டுவிடுகிறது. கண்காணிப்புக் கருவி ஒன்றிடம் இத்தனை சுத்தமான நடத்தையை நான் வேறெங்கும் கண்டதில்லை. விழுந்த பிள்ளை ப்ராசஸைத் திரும்ப எழுப்ப ‘சூப்பர்வைசர்’ என்ற மேற்பார்வை ப்ராசஸ் உண்டு. அதுவும் கண்மூடித்தனமாக எழுப்பிக்கொண்டே இராது. குறித்த நொடிகளுக்குள் குறித்த தடவைக்கு மேல் விழுந்தால், பிள்ளைகளை நிறுத்தித் தானும் இறங்கி, தனக்கு மேலே இருக்கிற சூப்பர்வைசரிடம் பிரச்சினையை ஒப்படைத்துவிடும்.

கூகுள் தன் ‘போர்க்’ பற்றி 2015-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், சுமார் பத்தாயிரம் மிஷின் உள்ள ஒரு கூட்டத்தை மேய்க்கும் முறை இருக்கிறது. நான் திரும்பத் திரும்பப் படிப்பது அதில் ஒரு சிறு பத்தியை. ஒவ்வொரு மிஷினிலும் இருக்கிற சிறிய ஏஜென்ட்டைத் தலைமை நிரல் சில நொடிக்கொரு முறை விசாரிக்கும். பல தடவை பதில் இல்லையென்றால் அந்த மிஷின் போய்விட்டதாகக் கணக்கெழுதி, அதன் வேலைகளை வேறு மிஷின்களில் தொடங்கிவிடும். மறுமுனையில் அந்த ஏஜென்ட் என்ன செய்கிறது? தலைமையோடு தொடர்பு போனாலும் ஓடுகிற வேலைகளை நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டே இருக்கிறது. ஆபத்தில்லையா, ஒரே வேலை இரண்டு இடத்தில் ஓடுமே என்றால், ஓடும். தொடர்பு திரும்பியதும், வேறிடத்தில் ஏற்கெனவே தொடங்கியவற்றின் பழைய பிரதிகளைக் கொன்றுவிடச் சொல்லி ஏஜென்ட்டுக்குத் தலைமை உத்தரவு போடும். இரு தரப்பும் தங்கள் ஊகம் தப்பாக இருக்கலாம் என்று எண்ணியே நடந்துகொள்கின்றன. தலைமை நிரலே மொத்தமாகச் செத்தாலும் ஓடுவது ஓடிக்கொண்டிருக்கும்.

2014-இல் வந்த குபெர்னெட்டிஸ் இந்த வம்சம்தான். மிஷின் தயாரா என்ற கேள்விக்கு அங்கே ஆம், இல்லை என்ற இரண்டோடு ‘அன்னோன்’ என்ற மூன்றாவது பதிலும் உண்டு. அந்தப் பதில் வந்த பிறகும், வேறு மாதிரி சொல்லிவைக்காவிட்டால், ஐந்து நிமிடம் பொறுத்துத்தான் வேலைகளை அப்புறப்படுத்தும். விழுந்து விழுந்து எழும் ப்ராசஸுக்கு 10 நொடி, 20 நொடி, 40 நொடி என்று இடைவெளியை இரட்டித்து ஐந்து நிமிடத்தில் நிறுத்துவது அதன் வழக்கம். கொல்லும்போதும் முதலில் மரியாதையாகச் சொல்லி 30 நொடி அவகாசம், பிறகுதான் 9-ஆம் சிக்னல்.

டேட்டாபேஸ் என்று வந்தால் இந்தப் பொறுமை எதுவும் போதாது. ஒரே டிஸ்க்கில் இரண்டு மிஷின் எழுதினால் எல்லாம் நாசம். லினக்ஸ் கிளஸ்டர்களை நடத்தும் பேஸ்மேக்கர் இதற்கு வைத்திருக்கும் தீர்வின் பெயர் ‘ஸ்டோனித்’. மற்ற மிஷினின் தலையில் சுட்டுவிடு என்பதன் சுருக்கம். செத்ததா இல்லையா என்று ஆராய்ந்துகொண்டிருக்காது. மின்சார இணைப்பைத் துண்டித்து, செத்தது உறுதி என்று ஆக்கிக்கொள்ளும். இத்தனை முரட்டுத்தனமாகச் சந்தேகத்தைத் தீர்க்கும் வேறொரு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

ஆனால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியும் நெட்வொர்க்கில்தான் இருக்கிறது. அதுவும் பதில் சொல்லாவிட்டால் பேஸ்மேக்கர் துணிந்து எதையும் செய்யாது. டேட்டாபேஸை வேறிடத்தில் தொடங்காமல், சர்வீஸ் படுத்துக் கிடந்தாலும் பரவாயில்லை என்று காத்திருக்கும். அப்போது யாராவது ஒருவர் டேட்டா சென்டருக்குப் போய், ரேக்கில் அந்த மிஷினின் விளக்கு அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து, ஆம், அது அணைந்துதான் கிடக்கிறது என்று ஒரு கட்டளை கொடுக்க வேண்டும். கொடுத்தாலும் உடனே ஏற்றுக்கொள்ளாது. மிஷின் உண்மையிலேயே நின்றிருக்காவிட்டால் தகவல் பாழாகும் என்று எச்சரித்து, நிச்சயமாகத்தானா என்று ஒருமுறை கேட்கும். வெறுமனே என்டர் தட்டினால் அதை ‘இல்லை’ என்றே எடுத்துக்கொள்ளும்.