ஆமைக்கு ஒரு திட்டு

மீன் தொட்டி செய்பவருக்குத் தண்ணீரைத் தேக்கத் தெரிந்தால் போதும். ஆமைத் தொட்டி செய்பவர் உள்ளே ஒரு கரையையும் கட்டியாக வேண்டும். இந்தக் கைவேலை எனக்கு அவ்வளவு பிடித்துப்போனது அதனால்தான்.

சென்னை கொளத்தூரின் அலங்கார மீன் கடைகளில் கண்ணாடி ஒட்டுபவர்களின் கையைப் பாருங்கள். விளிம்பில் சிலிக்கானை ஒரே இழுப்பாக விட்டு, விரலால் நீவிவிடுவார்கள். அந்தக் கோட்டில் ஒரு காற்றுக்குமிழிகூட நிற்கக் கூடாது. காயும்போது எழும் காடி வாடை முழுதும் அடங்கும்வரை தண்ணீர் ஊற்றாமல் காத்திருப்பதும் வேலைதான்.

என் கண்ணுக்கு முழு அழகும் திட்டில் இருக்கிறது. சரிவாக ஒரு பலகை, நகம் பற்றிக்கொள்ள அதன்மேல் சொரசொரப்பு. காதோரம் சிவப்புக் கோடுள்ள செங்காது ஆமை அதில் ஏறி, பின்கால்களை நீட்டி, ஓடு உலரக் குளிர்காயும். ஜன்னல் வெயில் போதாது. புற ஊதா 'பி' கதிரைச் சாதாரணக் கண்ணாடி பெரும்பாலும் தடுத்துவிடும். அது கிடைக்காவிட்டால் ஓடு மென்மையாகிப்போகும். திட்டுக்கு மேலே அதற்கென்று தனி விளக்கு வேண்டும்.

தொட்டியின் அளவில் சிக்கனம் கூடாது. உள்ளங்கையில் அடங்கும் குட்டி, பெண்ணானால் 25 செ.மீ.க்கும் மேல் வளரக்கூடும். 20 ஆண்டு தாண்டியும் வாழும்.

நம் குளத்து ஆமைகளைப் பிடித்து வளர்ப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கடையில் வாங்கிய இந்த அமெரிக்கச் செங்காது ஆமையையும் ஏரியில் விட்டுவிடாதீர்கள். நம் ஆமைகளின் இரையையும் இடத்தையும் அது பறித்துக்கொள்ளும்.