செத்த தோலின் நிறங்கள்

ஜாம்பி என்றால் பச்சை என்று நினைப்பவர்கள், தேர்ந்த கை தீட்டிய ஒரு ஜாம்பிப் பொம்மையை அருகில் வைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். அதிலும் பச்சை உண்டு. தாடையோரம் ஒரு கீற்று, அவ்வளவுதான். கண்குழியைச் சுற்றி ஊதா. விரல் நுனியில் கருநீலம். கன்ன எலும்பின் மேட்டில் சாம்பல். காயத்தின் விளிம்பில் காய்ந்துபோன பழுப்பு. ஆள் உயரம் 28 மில்லிமீட்டர். முகம் ஒரு துவரம்பருப்பு. அந்த அளவுக்குள் இத்தனை நிறங்களும் குழம்பிவிடாமல் தத்தம் இடத்தில் நிற்கின்றன. மேசைப் போர் விளையாட்டுக்காகச் செய்யப்படும் மினியேச்சர்களில் என் மனம் ஜாம்பிகளிடம்தான் போய் நிற்கிறது. ஒரு மனிதர் யாராக வாழ்ந்தார் என்பதை, அவர் செத்த பிறகு தூரிகையால் சொல்லவேண்டிய பொம்மை இது.

பொம்மைப் படைகளை வைத்து வீட்டுக்குள் போர் ஆடுவது பழைய பழக்கம். எச். ஜி. வெல்ஸ் 1913இல் ‘லிட்டில் வார்ஸ்’ என்ற நூலில் அதற்கு விதிகளே எழுதி வைத்தார். போர்வீரர் பொம்மைக்குச் சீருடை உண்டு. ஒருவருக்கு முடிவுசெய்த நீலமும் பித்தளைப் பொத்தானும் அந்தப் படைப்பிரிவு முழுவதற்கும் பொருந்தும். ஜாம்பிக் கூட்டத்துக்கு அந்த வசதி கிடையாது. கடைக்குப் போகும்போது, வேலை முடிந்து திரும்பும்போது, பிள்ளையைப் பள்ளியில் விட வரும்போது பிடிபட்டவர்கள் அவர்கள். உடுத்தியிருந்த துணியோடு எழுந்து நடக்கிறார்கள். தீட்டுகிறவர் ஒவ்வொரு பொம்மைக்கும் புதிதாக யோசித்தாக வேண்டும்.

இந்த மரபு சினிமாவிலிருந்து வந்தது. ஜார்ஜ் ரொமேரோவின் ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ 1968இல் வெளியானது. வெளியீட்டுக்கு முன் படத்தின் தலைப்பை மாற்றியபோது காப்புரிமைக் குறிப்பு விடுபட்டுப் போனதால் அந்தப் படம் பொதுச் சொத்தாகிவிட்டது. அவருக்கு அது இழப்பு. பொம்மைக் கலைக்கு வரவு. யாருடைய அனுமதியும் இல்லாமல் உலகின் எந்த மூலையிலும் ஒரு சிற்பி ஜாம்பி செய்யலாம் என்றானது. பத்து ஆண்டுகள் கழித்து ரொமேரோ எடுத்த ‘டான் ஆஃப் தி டெட்’ வண்ணப்படம். அதில் ஒப்பனை செய்த டாம் சவீனி செத்தவர்களுக்குச் சாம்பல் நிறம் பூசினார். திரையில் அது பல இடங்களில் நீலமாகத் தெரிந்தது. அந்தப் படத்தில் வணிக வளாகத்துக்குள் அலையும் கூட்டத்தில் ஒரு தாதி உண்டு, கன்னியாஸ்திரீ உண்டு, ஹரே கிருஷ்ணா இயக்கத்தவர் ஒருவரும் உண்டு. பெயர் தெரியாது, வசனம் கிடையாது. உடையைப் பார்த்த மாத்திரத்தில் அவர்களுடைய நேற்றைய வாழ்க்கை நமக்குத் தெரிந்துவிடுகிறது. ஜாம்பிப் பொம்மையின் அழகியல் முழுவதும் அங்கே இருக்கிறது.

இன்றைய சேகரிப்பாளர்கள் பலர் தொடங்கும் இடம் ‘ஸாம்பிசைடு’. 2012இல் கிக்ஸ்டார்ட்டரில் பணம் திரட்டி வெளிவந்த விளையாட்டு. அதை வெளியிட்ட சிஎம்ஓஎன் நிறுவனத்தின் தலைமையகம் மலேசியாவில் இருக்கும் நமக்கு அடுத்த வீடான சிங்கப்பூரில். முதல் பெட்டியில் 71 பொம்மைகள்: தப்பிப் பிழைத்தவர்கள் 6 பேர், மற்ற 65 ஜாம்பிகள். அவற்றில் மெதுவாக நடப்பவை மட்டும் 40. அச்சுகள் சிலவே என்பதால் ஒரே உருவம் திரும்பத் திரும்ப வரும். இது குறையென்று சிலர் சொல்வார்கள். ஒரே உருவத்துக்கு ஒருமுறை வங்கி ஊழியரின் வெளிறிய நீலச் சட்டை, மறுமுறை பட்டறைக்காரரின் எண்ணெய்க் கறை படிந்த சட்டை என்று மாற்றித் தீட்டி, இருவரும் ஒரே அச்சில் பிறந்தவர்கள் என்பதையே மறைத்துவிடும் கையை எனக்கு மிகவும் பிடிக்கும்.

பினாங்கில் இருந்துகொண்டு தீட்டுகிறவருக்கு இந்த இடத்தில் ஒரு பெரிய வாய்ப்பு இருக்கிறது. பெட்டியில் வரும் பிளாஸ்டிக் அமெரிக்கச் சிற்றூர் மக்களைப் போல வார்க்கப்பட்டிருக்கலாம். வண்ணம் அவர்களை ஜார்ஜ் டவுனுக்குக் குடியேற்றும். வெள்ளைச் சட்டையும் ஆலிவ் பச்சைக் காற்சட்டையும் தீட்டினால் போதும், மலேசியாவில் வளர்ந்த யாரும் அது இடைநிலைப் பள்ளி மாணவன் என்று சொல்லிவிடுவார்கள். இடுப்புக்குக் கீழே கிரீன் ஸ்டஃப் என்னும் பச்சைப் பசையை மெல்லத் தட்டி ஒட்டி மடிப்பு கொடுத்தால் கால்சட்டை கைலியாகிவிடும். கைலியின் கட்டங்கள்தாம் உண்மையான சோதனை. துணி மடியும் இடத்தில் கோடு உள்ளே போய் மறைய வேண்டும். மடிப்பைத் தாண்டி வெளியே வரும்போது சற்றுத் தள்ளி வர வேண்டும். மடிப்பைக் கண்டுகொள்ளாமல் நேராக இழுத்த கட்டம் தாளில் அச்சடித்ததுபோல் கிடக்கும். கோடு விட்டு விட்டு வரும்போதுதான் அது துணி. நாசி கண்டார் கடைக்காரர் ஒருவரைத் தீட்டினால் அவருடைய முன்துணியில் இரண்டு கறைகள் வேண்டும். ஒன்று மஞ்சளும் மிளகாயும் கலந்த குழம்புக் கறை, பலமுறை துவைத்தும் போகாதது. இன்னொன்று ரத்தம். முதலாவது கறை பழையதாகவும் மங்கியும் இருந்தால் அந்த மனிதருக்கு இருபது ஆண்டு வாழ்க்கை வந்துவிடுகிறது.

மலேசியத் திரைக்கும் இந்த உணர்வு தெரியும். மமாட் காலிட் 2007இல் எடுத்த ‘சோம்பி கம்போங் பீசாங்’ படத்தில் எழுந்து வருபவர்கள் கம்பத்து அண்டை வீட்டார்கள். தமிழில் ‘மிருதன்’ 2016இல் வந்தது. திரையில் ஜாம்பி நம்மூர்க்காரராகிவிட்டார். நம் மேசைகளில் மட்டும் அவர் இன்னும் வெளியூர்க்காரராகவே இருக்கிறார்.

அதற்குப் பெரிய காரணம் தோல். புழக்கத்தில் இருக்கும் ஜாம்பித் தோல் செய்முறைகளில் பெரும்பாலானவை வெள்ளைத் தோலிலிருந்து தொடங்குகின்றன: வெளிர் ரோஜா, அதன்மேல் பச்சை அல்லது ஊதா வாஷ் எனப்படும் நீர்த்த வண்ணம், மேட்டுப் பகுதிகளில் எலும்பு நிறம். அதை அப்படியே பின்பற்றினால் மேசையில் செத்தவர்கள் அனைவரும் ஐரோப்பியர்கள். பழுப்புத் தோல் சாகும்போது பச்சையாவதில்லை. ரத்தம் இறங்கியதும் அதிலிருந்து முதலில் போவது செம்மை. எஞ்சுவது சாம்பல் படர்ந்த பழுப்பும் ஆலிவ் சாயலும். உதடு, இமையின் உட்புறம், உள்ளங்கை, நகக்கண் ஆகியவை மற்ற இடங்களைவிட அதிகம் வெளிறும். நடமாடும் பிணம் என்றால் ரத்தம் கீழ்நோக்கித் தேங்கும். ஆகவே கணுக்காலும் தொங்கும் கையின் விரல்களும் இருண்டு கறுத்திருக்க வேண்டும். அடர் பழுப்பில் கொஞ்சம் நீலச் சாம்பல் கலந்து அடிப்பூச்சு. கண்குழியிலும் கழுத்தெலும்பின் பள்ளத்திலும் ஊதா வாஷ். மேடுகளுக்கு ரோஜாவுக்குப் பதில் காக்கி. கடைசியாக மூக்கு நுனியிலும் புருவ மேட்டிலும் சாம்பல். இப்படித் தீட்டிய முகத்தைப் பார்த்தால் அது நம்மில் ஒருவர் என்று தெரியும். தமிழர், மலாய்க்காரர், சீனர் என்று ஒரே தெருவில் இத்தனை தோல் நிறங்களைத் தினமும் பார்க்கும் ஊரில், செத்தவர்களுக்கு ஒரே நிறம் பூசுவது கண்ணை மூடிக்கொண்டு தீட்டுவதற்குச் சமம்.

வற்றிய உடலை உற்றுப் பார்க்கும் கலை தமிழுக்குப் புதிதல்ல. சோழர் காலத்துக் காரைக்கால் அம்மையார் செப்புத் திருமேனிகளைப் பாருங்கள். அமெரிக்காவில் கான்சஸ் சிட்டியின் நெல்சன்-அட்கின்ஸ் அருங்காட்சியகத்தில் ஒன்று இருக்கிறது. துருத்தும் கழுத்தெலும்பு, எண்ணிவிடக்கூடிய விலா, வற்றிய மார்பு, கையில் தாளம். அழகைத் துறந்து பேய் வடிவை வேண்டிப் பெற்ற பெண்ணை அந்தச் சிற்பி அருவருப்பாகக் காட்டவில்லை. ஒவ்வோர் எலும்பையும் மதித்துச் செய்திருக்கிறார். முகத்தில் நிறைவு இருக்கிறது. பினாங்குத் தமிழர்களில் பலருடைய முன்னோர் நாகப்பட்டினம், நாகூர், காரைக்கால் கரையிலிருந்து கப்பலேறியவர்கள். அந்தக் கரை தந்த பார்வை இது. கலிங்கத்துப்பரணியில் செயங்கொண்டார் பேய்களுக்குத் தனி அத்தியாயமே ஒதுக்கினார். அவருடைய பேய்க்கூட்டத்தில் முடம் உண்டு, குருடு உண்டு, ஊமை உண்டு. ஒவ்வொன்றும் அப்படி ஆனதற்கு ஒரு கதை உண்டு. கூட்டத்தைக் கூட்டமாக விட்டுவிடாமல் ஒவ்வொருவராகப் பார்த்த அந்தக் கண்தான் ஜாம்பி தீட்டுகிறவருக்கும் வேண்டும்.

நுட்பத்துக்கும் இங்கேயே ஆசான்கள் உண்டு. குயின் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயில் கோபுரத்துச் சுதைச் சிற்பங்கள் தெருவில் நின்று அண்ணாந்து பார்ப்பவருக்காகச் செய்யப்பட்டவை. அதனால்தான் கண் பெரிது, புருவம் தடித்தது, ஒரு நிறத்துக்கும் அடுத்த நிறத்துக்கும் இடையே எல்லை கூர்மையானது. மேசைப் பொம்மைக்கும் அதே இலக்கணம்தான். கை நீட்டும் தூரத்தில் முகம் படிக்கப்பட வேண்டுமானால் நிழலை இயற்கையைவிட இருட்டாகவும் ஒளியை இயற்கையைவிட வெளிச்சமாகவும் தீட்ட வேண்டும். சுவர் தீட்டுவதற்கோ, கடைவீடுகளின் முன்னுள்ள அஞ்சடி நடைபாதையில் நடந்தாலே பாடம் கிடைக்கும். 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற இந்த ஊரின் கடைவீட்டுச் சுவர்களில், உதிர்ந்த நீலத்துக்கு அடியில் காவியும் அதற்கடியில் செங்கல்லும் தெரியும். மழைநீர் இறங்கிய தடம் மேலே கறுத்து, கீழே வர வரப் பாசியாக மாறும். இந்த வரிசையைக் கண்ணால் படித்தவர் செய்யும் மேசைக் கட்டடம், எந்தப் பெட்டியில் வரும் கட்டடத்தையும்விட உயிருள்ளதாக இருக்கும். ஃபிரான்சிஸ் லைட் அடக்கமான பழைய கல்லறைத் தோட்டத்தின் கற்களும் அப்படியே. கல்லறைக்கல் என்றால் தட்டையான சாம்பல் நிறம் பூசும் வழக்கத்தை அவை ஒரு நடையிலேயே மாற்றிவிடும்.

இந்த ஊரின் காற்று மட்டும் தனியாகக் கவனிக்க வேண்டியது. ஈரம் மிகுந்த நாளில் வார்னிஷ் ஸ்பிரே அடித்தால் பொம்மையின்மேல் பால்போல் வெண்படலம் படிந்துவிடும். பல மணி நேர உழைப்பு அதில் மறையும். சூப்பர் குளூ ஈரத்தில்தான் இறுகும் என்பதால் இங்கே சட்டென ஒட்டும், கூடவே ஒட்டிய இடத்தைச் சுற்றி வெள்ளை பூக்கும். ஆகவே இங்குள்ளவர்கள் தூரிகையால் பூசும் வார்னிஷை நம்புகிறார்கள். ஸ்பிரே வேலையை மழை இல்லாத முற்பகலுக்கு ஒதுக்குகிறார்கள். அதே ஈரம் ஒரு நன்மையும் செய்கிறது. அக்ரிலிக் வண்ணம் சற்று மெதுவாகக் காய்வதால், விசிறியை அணைத்துவிட்டு உட்கார்ந்தால் ஊதாவைப் பழுப்போடு இழைக்க இன்னும் சில நொடிகள் கிடைக்கின்றன. செத்த தோலுக்கு அந்தச் சில நொடிகள் பொன்.

ரத்தத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. தாமியா எக்ஸ்-27 கிளியர் ரெட் பலருடைய மேசையில் இருக்கும் சீசா. பளபளப்பு குறையாமல் காய்வதால் புது ரத்தத்துக்கு அதைவிடப் பொருத்தமானது அரிது. ஆனால் நேற்றைய ரத்தம் பளபளக்காது, பழுப்பாகி மங்கிவிடும். வாயோரத்தில் மட்டும் ஈரம், சட்டையில் முழுக்க உலர்ந்த கறை என்று பிரித்துத் தீட்டியவர் அந்தப் பொம்மையின் கடந்த இரண்டு நாள்களைச் சொல்லிவிட்டார். எடுத்த எடுப்பில் கண்ணுக்குப் படுவது ரத்தமாக இருந்தால் அந்தப் பொம்மை தோற்றது. முகம் முதலில், உடை பிறகு, ரத்தம் கடைசியில்.

சேகரிக்கிறவர் வாங்கும்போது பார்க்க வேண்டியது உடம்பின் பாரம். கையை நீட்டிக்கொண்டு பாயும் உருவங்கள் கடையில் அதிகம். அவை மிரட்டும், சீக்கிரம் சலிக்கும். நல்ல சிற்பி செய்த ஜாம்பியில் மணிக்கட்டு தொங்கும், தலை ஒருபக்கம் சாயும், எடை ஒரே காலில் இறங்கியிருக்கும். உடம்பை அது நடத்திப் போகவில்லை, ஏதோ ஒன்று இழுத்துப் போகிறது என்று தோன்றும். ஈயக் கலவையில் வார்த்த பழைய பொம்மைகளில் இந்தப் பாரம் கைக்கே தெரியும். புதிய பிளாஸ்டிக்கில் விரல்களும் துணிக் கிழிசலும் கூர்மையாக வரும். கையையும் தலையையும் மாற்றி ஒட்டலாம். இரண்டுக்கும் அலமாரியில் இடம் உண்டு.

மேசையில் இறங்கிவிட்டால் ஜாம்பி கூட்டமாகத்தான் நகரும். ஆடுபவர் எண்ணிக்கையைத்தான் பார்ப்பார். பிறகு ஒருவர் பகடை உருட்டி ஒன்றை வீழ்த்துவார். பலகையிலிருந்து அகற்ற அதை விரலிடையே எடுப்பார். தீட்டியவரின் உழைப்பு முழுவதும் அந்த ஓரிரு நொடிக்காகத்தான். ‘இவன் பள்ளிக்கூடப் பையனா?’ என்று எதிரில் இருப்பவர் கேட்டுவிட்டால் விளையாட்டின் எடையே மாறிவிடுகிறது. எண்ணிக்கையாக இருந்தது ஆளாகிவிட்டது.

இப்போது கணினியில் சிற்பம் செதுக்கி, ரெசின் அச்சுப்பொறியில் வீட்டிலேயே பொம்மை எடுக்கும் காலம். அச்சு வார்க்கப் பெரிய ஆலை வேண்டியதில்லை. கைலி கட்டியவரும், பாஜு கூரோங் அணிந்த ஆசிரியையும், டிரைஷா மிதிப்பவரும், தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குக் கிளம்பி மஞ்சள் வேட்டியோடு வீழ்ந்தவரும் பினாங்குச் சிற்பி ஒருவரின் கையால் வர வேண்டும். அவர்களுக்கு வண்ணம் தீட்டும் கைகள் இங்கே தயாராக இருக்கின்றன. இந்த ஊரில் வாழ்ந்தவர்கள் எப்படி உடுத்தினார்கள், எந்த வேலை செய்தார்கள், வெயிலில் அவர்கள் தோல் என்ன நிறத்தில் இருந்தது என்பதை இவ்வளவு கவனமாகப் பார்க்கவைக்கும் வேறொரு பொழுதுபோக்கை நான் அறியேன். செதுக்கத் தெரிந்தவர்கள் தொடங்க வேண்டும். முதல் பெட்டியை வாங்க நான் நிற்பேன்.