கோயிலொழுகு காட்டும் வழித்துணை

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையின் உச்சியில் நின்று வடக்கே நோக்குவோர், காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட திருவரங்கத் தீவையும் அதன் கோபுரங்களையும் காண்பர். அக்கோயிலின் வரலாற்றையும் வழக்காறுகளையும் தொகுத்துரைக்கும் 'கோயிலொழுகு', நம் வாசகருள் பெரும்பாலோர் கையில் எடாத நூல். ஆயினும் தோழமையை இலக்கியம் எவ்வாறு காட்டுகிறது என்று ஆராயப் புகுவோர் இதனை ஒதுக்கிவிடுதல் தகாது என்பது நம் கருத்து.

1323இல் டில்லிப் படை தீவினுள் புகுந்தபோது, உற்சவத் திருமேனியை எடுத்துக்கொண்டு பிள்ளை லோகாசாரியரும் அடியார் சிலரும் தெற்கே ஓடினர். முதியவரான ஆசாரியர் மதுரையை அடுத்த ஜோதிஷ்குடியில் உயிர் நீத்தார். எஞ்சியோர் அழகர்கோயில், மலைநாடு, கன்னட நாடு எனச் சுற்றித் திருமலைப் பக்கத்துக் காடுகளை அடைந்தனர். வழியெங்கும் கூட்டம் குறைந்துகொண்டே வந்தது. இறுதியில் கொடவர் எனப்படும் கோயிற்பணியாளர் மூவரே மிஞ்சினர், அம்மூவரும் உறவினர். அவருள்ளும் இருவர் மறைய, ஒருவர் தனித்துக் காத்திருந்தார். விசயநகரத் தலைவன் கோபணன் 1371இல் திருமேனியைத் திருவரங்கத்தில் மீண்டும் எழுந்தருளச் செய்தான். புறப்பட்டதற்கும் திரும்பியதற்கும் இடையே 48 ஆண்டுகள்!

இங்கே நூலின் குறை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். காட்டில் அம்மூவரும் தம்முள் என்ன பேசினர், உணவை எவ்வாறு பகிர்ந்தனர், எவர் முதலில் சோர்ந்தார் என்பவற்றை அது விரித்துரைப்பதில்லை. கைங்கரியமும் மரியாதையும் எவரெவர்க்கு உரியன என்பதைப் பதிவு செய்வதே அதன் நோக்கம். மனிதர் அதற்கு இரண்டாம்பட்சம்.

ஸ்பானிய எழுத்தாளர் செர்வாண்டிஸ் இதற்கு நேர்மாறானவர். 1571இல் லெப்பாண்டோப் போரில் இடக்கை பயனற்றுப்போன அப்போர்வீரர், 1575 முதல் 1580 வரை அல்ஜியர்ஸில் சிறையிருந்தார். 1605இல் வெளிவந்த 'டான் குவிக்சோட்' முதற்பாகத்தில் கைதி ஒருவன் தன் கதையைச் சொல்கிறான். தப்புவதற்குப் பணம் கிடைத்தவுடன், ஒருவனை முதலில் மீட்டு அனுப்பினால் அவன் படகு கொண்டுவருவான் என்று கைதிகள் திட்டமிடுகின்றனர். உடனிருந்த மதம் மாறியவன் அதற்கு உடன்படவில்லை. விடுதலை பெற்றவர் சிறையில் கொடுத்த வாக்கைக் காப்பது அரிது. ஆதலின் போனால் எல்லாரும் சேர்ந்தே போகவேண்டும் என்கிறான். தோழமையைப் பற்றி இதனினும் நேர்மையான பேச்சை நாம் கண்டதில்லை. 'ஐக்கியம்' என்னும் சொல்லைப் பிரசங்க பீடத்தில் எளிதாக வழங்கும் நாம் இவ்விடத்தில் சற்றே நின்று போதல் நலம்.

1615இல் வந்த இரண்டாம் பாகத்தில், நாடு கடத்தப்பட்ட மொரிஸ்கோ இனத்தவனாகிய ரிக்கோட்டே, யாத்திரிகன் வேடத்தில் திரும்பி வருகிறான். பழைய அண்டை வீட்டானாகிய சாங்கோ அவனோடு புல்தரையில் அமர்ந்து உண்டு குடிக்கிறான். புதைத்த பொருளை எடுக்க உதவமாட்டேன், ஆனால் காட்டிக் கொடுக்கவும் மாட்டேன் என்று சொல்லிப் பிரிகிறான். தோழமையின் எல்லை எதுவரை என்பதைக் கலைஞர் மறைக்கவில்லை.

எனினும் கோயிலொழுகில் ஓரிடம் செர்வாண்டிஸுக்கு இணையாக நிற்கிறது. பிரிவுக்காலத்தில் வேறொரு திருமேனி திருவரங்கத்தில் வழிபடப்பட்டு வந்ததால், திரும்பி வந்தது பழைய திருமேனிதானா என்ற ஐயம் எழுந்தது. பழையதைக் கண்டறிந்தோர் ஊரில் எவரும் இல்லை. பார்வையிழந்த முதிய வண்ணான் ஒருவரை அழைத்தனர். இரு திருமேனிகளுக்கும் சாத்திய ஈர ஆடைகளைப் பிழிந்த நீரைச் சுவைத்து, இவரே நம்பெருமாள் என்று அவர் அடையாளங் காட்டினாராம். இது நடந்ததா என்னும் வினாவை வரலாற்றாசிரியர்க்கு விட்டுவிடுவோம். பட்டர்களும் படைத்தலைவனும் கூடியிருந்த அவையில், தீர்ப்பளிக்கும் உரிமையைத் துணி வெளுத்தவரின் நாவுக்கு இந்நூல் அளித்திருக்கிறது. மரியாதைகளைக் கணக்கிடுவதற்கென்றே எழுந்த நூல் இதனைச் செய்தது வியப்பே. மற்றத் திருமேனி திருவரங்கமாளிகையார் என்னும் பெயருடன் இன்றும் அக்கோயிலிலேயே உள்ளது.